பார்வையில்லாத பட்டதாரிக்கு வேலை தேட என்விடிஏ மட்டும் போதுமா?

கொள்ளிடக்கரை

வணக்கம். என் தங்கைக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. இந்த வருடம் திருச்சியில் பி.ஏ. ஆங்கிலம் முடித்திருக்கிறாள். தோழிகள் வாசித்துக் காட்டியதையும், கைபேசித் திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக்கை வைத்துக் கேட்டதையும் கொண்டே படித்து நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டாள். கணினிப் பழக்கம் மட்டும் குறைவு. வங்கித் தேர்வு, டிஎன்பிஎஸ்சி, தனியார் நிறுவனம், எதுவானாலும் சரி, வேலைக்குப் போக வேண்டும் என்கிறாள்.

கணினித் திரையில் இருப்பதைப் பேசிக் காட்டும் மென்பொருளைத் திரை வாசிப்பான் என்கிறார்கள். அப்படித் தேடினால் ஜாஸ் என்ற பெயர்தான் முதலில் வருகிறது. அதன் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ போதுமா? இன்னொன்று, எந்த வேலைக்கு விண்ணப்பித்தாலும் இணையப் படிவத்தை நான்தான் நிரப்பித் தருகிறேன். பின்னால் இதனால் சிக்கல் வருமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வைகைத்துறை

தம்பி, நானும் முழுப் பார்வையின்மை உள்ளவள். மதுரையில் ஒரு பொதுத்துறை வங்கியில் வேலை பார்க்கிறேன். உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: போதும். என்விடிஏவை 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் தொடங்கினார், பிறகு ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். பார்வையுள்ளவர் கணினியை இயக்க எதுவும் கூடுதலாகச் செலவழிப்பதில்லை, நாம் மட்டும் ஏன் தனியாகக் காசு கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தில் செய்தது. இன்று வரை இலவசம்தான்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது மென்பொருளைப் பற்றி இல்லை, விசைப்பலகையைப் பற்றி. டாக்பேக்கில் விரலால் தடவிப் பழகியவர்களுக்குக் கணினி முதலில் எரிச்சலாக இருக்கும். தங்கை முதலில் விசைகளைப் பார்க்காமல் தட்டச்சு செய்யும் வேகத்தைக் கொண்டுவரட்டும். அப்புறம் என்விடிஏவின் தாவல் விசைகள். இணையப் பக்கத்தில் எச் அழுத்தினால் தலைப்பு தலைப்பாகத் தாவும். எஃப் என்றால் படிவத்தின் அடுத்த கட்டம், பி (B) என்றால் பொத்தான், டி (T) என்றால் அட்டவணை. இன்செர்ட்டுடன் எஃப்7 அழுத்தினால் பக்கத்திலுள்ள இணைப்புகளும் தலைப்புகளும் பட்டியலாக வந்து நிற்கும். இன்செர்ட்டுடன் ஸ்பேஸ் அழுத்தினால் படிக்கும் நிலையிலிருந்து எழுதும் நிலைக்கு மாறும். பலர் படிவத்தில் திணறுவது இந்தக் கடைசி விஷயம் தெரியாமல்தான். எழுதுகிறோம் என்று நினைத்துக்கொண்டு அடிப்பார்கள், பக்கம் எங்கெங்கோ தாவிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது கேள்வி. படிவம் நிரப்புவதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிடுங்கள். உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் வேலையில் சேர்ந்த முதல் நாளே நிறுவனம் அவளிடம் ஒரு படிவத்தைத்தான் கொடுக்கும். விடுப்பு, சம்பளம், பயிற்சி என எல்லாமே இணையப் படிவம்தான். பக்கத்தில் உட்காருங்கள், விசையை அவள் அழுத்தட்டும். மின்னஞ்சல், கடவுச்சொல், ஓடிபி வரும் கைபேசி எண் மூன்றும் அவள் பெயரில், அவள் கையில் இருக்க வேண்டும். அண்ணனின் எண்ணுக்கு ஓடிபி போய், அண்ணன் வெளியூரில் இருந்ததால் கடைசி நாளைத் தவறவிட்ட பெண்களை எனக்குத் தெரியும்.

பொன்மலை

வைகைத்துறை அம்மா சொன்னதில் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். பார்வையற்றவர்களுக்குக் கணினிப் பயிற்சி தருகிறேன். வீட்டில் பழகவும் விண்ணப்பிக்கவும் என்விடிஏ போதும், உண்மை. ஆனால் சில நிறுவனங்களின் உள் மென்பொருள்கள் பழையவை, அல்லது தொலைதூரக் கணினியில் ஓடுபவை. அங்கே ஜாஸுக்கென்று எழுதப்பட்ட ஸ்கிரிப்டுகள் என்ற துணை நிரல்கள் இருந்தால்தான் வேலை நடக்கும். அதனால் ஜாஸின் விசைகளும் தெரிந்திருப்பது நல்லது. வாங்க வேண்டியதில்லை. உரிமம் இல்லாமல் ஒவ்வொரு முறையும் 40 நிமிடம் ஓடும், மறுபடி வேண்டுமென்றால் கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். பழகிப் பார்க்க அது போதும். வேலையில் சேர்ந்த பிறகு ஜாஸ் தேவைப்பட்டால் வாங்கித் தர வேண்டியது நிறுவனம்.

இன்னொரு உபாயம். என்விடிஏவை ஒரு பென் டிரைவில் எடுத்துச் செல்லலாம், நிறுவாமலே ஓடும். சில அலுவலகங்களில் யுஎஸ்பி துளையை அடைத்து வைத்திருப்பார்கள். அப்போது கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கூடவே வரும் நேரேட்டர் பேசத் தொடங்கும். நேர்காணலுக்குப் போன இடத்தில் "எங்களிடம் உங்களுக்கான மென்பொருள் இல்லையே" என்று கையை விரித்தால் அந்த மூன்று விசையே பதில். எனவே நேரேட்டரையும் ஓரளவு பழகி வைக்கச் சொல்லுங்கள்.

கொள்ளிடக்கரை

இருவருக்கும் நன்றி. இன்றே என்விடிஏ போட்டுவிட்டேன். வங்கித் தேர்வு பற்றி ஒரு சந்தேகம். தேர்வில் வினாவை வாசித்து, அவள் சொல்லும் விடையைக் குறிக்கும் பதிலி எழுத்தரை வைத்துக்கொள்வதா, கணினியிலேயே திரை வாசிப்பானோடு எழுத முடியுமா? கணினி கேட்டால் எங்கள் மடிக்கணினியையே கொண்டுபோகலாமா?

வைகைத்துறை

மத்திய அரசு 2018 ஆகஸ்ட் 29 அன்று ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. 2025இல் அதற்குப் பதிலாகப் புதியது வந்துவிட்டது, அதனால் இப்போதைய விதியைத் தேர்வு அறிவிப்பில் பாருங்கள். பிரெய்ல், கணினி, பெரிய எழுத்து, பதிலைப் பேசிப் பதிவு செய்வது என எந்த முறையில் எழுதுவது என்று தேர்வருக்கு விருப்பம் கொடுக்க வேண்டும் என்று 2018 வழிகாட்டுதல் சொன்னது. ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம். கணினியில் எழுதுவதென்றால் முந்தின நாளே அந்தக் கணினியைச் சோதித்துப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்றது. சொந்த மடிக்கணினி கூடாது, ஆனால் சொந்த விசைப்பலகை, சிறப்பு மவுஸ் போன்றவற்றைக் கொண்டுபோகலாம் என்றும் இருந்தது.

காகிதத்தில் இருந்தது இது. நடைமுறையில் வங்கித் தேர்வுகளில் பெரும்பாலோர் எழுத்தரைத்தான் வைத்துக்கொள்கிறார்கள், குறைபார்வை உள்ளவர்கள் திரையில் எழுத்தைப் பெரிதாக்கும் வசதியைக் கேட்டு வாங்குகிறார்கள். நானும் எழுத்தர் வைத்துத்தான் எழுதினேன். நல்ல எழுத்தர் கிடைப்பது பெரும் பாடு. எண்கள் நிறைந்த அட்டவணையைப் பிழையில்லாமல், சலிக்காமல், இரண்டாம் முறையும் அதே வேகத்தில் வாசிக்கத் தெரிந்தவர் வேண்டும். தேர்வுக்கு முன் அவரோடு மாதிரித் தேர்வுகள் எழுதிப் பாருங்கள். எப்படி வாசிக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குக் கற்றுத்தருவதும் தேர்வுத் தயாரிப்பில் ஒரு பகுதிதான். எழுத்தரின் கல்வித் தகுதி குறித்து ஒவ்வோர் அறிவிப்பிலும் விதி இருக்கும், விண்ணப்பிக்கும்போதே படித்துவிடுங்கள்.

யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்துவிட்டீர்களா? குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்றால்தான் இட ஒதுக்கீடு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான 2016 சட்டத்தின் 34ஆம் பிரிவு அரசு வேலையில் 4 சதவீதம் தருகிறது, அதில் 1 சதவீதம் பார்வையின்மைக்கும் குறைபார்வைக்கும்.

நொய்யல்

இழை பார்வையின்மை பற்றி ஓடுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன். எனக்குக் காது கேட்காது. திருப்பூரில் ஆடை வடிவமைப்பு வேலை. வேலை தேடிய காலத்தில் என்னை வெளியே நிறுத்தியது ஒரே ஒரு விஷயம்: தொலைபேசி. விண்ணப்பம் தேறும், மாதிரி வடிவங்கள் பிடித்துப்போகும், "ஒரு சின்ன போன் கால், அப்புறம் நேரில் வாங்க" என்பார்கள். கால் எடுக்கவில்லை என்று பெயரை அடித்துவிடுவார்கள்.

2019இல் கூகுள் லைவ் டிரான்ஸ்கிரைப் வந்தது. எதிரில் பேசுவது கைபேசித் திரையில் எழுத்தாக ஓடும், தமிழும் உண்டு. அமைதியான அறையில், ஒருவர் மட்டும் நிதானமாகப் பேசினால் நன்றாகவே வருகிறது. மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து கேள்வி கேட்டால் குழம்பிவிடும். கொங்கு வட்டாரப் பேச்சிலும் தடுமாறுகிறது. அதனால் நேர்காணலுக்கு முன்பே எழுதிவிடுவேன்: ஒருவர் பின் ஒருவராகப் பேசுங்கள், முதல் சுற்றைத் தொலைபேசிக்குப் பதில் வாட்ஸாப்பில் எழுத்தாக வைத்துக்கொள்ளலாமா? மறுத்தவர்கள் உண்டு, சம்மதித்தவர்களும் உண்டு. இப்போதைய முதலாளி சம்மதித்தவர்.

சைகை மொழி பேசுபவர்களுக்கு எந்தச் செயலியும் மொழிபெயர்ப்பாளருக்கு ஈடாகாது. என்னைப் போல எழுத்துத் தமிழ் சரளமாக வருபவர்களுக்குத்தான் இந்த வசதி. பிறவியிலேயே கேட்காத பலருக்குச் சைகைதான் தாய்மொழி. அவர்களிடம் ஒரு கைபேசியை நீட்டிவிட்டு வசதி செய்து கொடுத்தாயிற்று என்று நிறுவனங்கள் நினைப்பது எனக்குக் கோபம் வருகிற விஷயம்.

சிறுசேரி

ஒரு மென்பொருள் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். நொய்யல் எழுதிய "முன்பே எழுதிவிடுவேன்" என்பதைத்தான் எல்லோருக்கும் சொல்ல நினைத்தேன். நேர்காணல் அன்று வந்து "எனக்குத் திரை வாசிப்பான் வேண்டும்" என்றால், எவ்வளவு நல்ல மனதுள்ளவரும் தடுமாறுவார். கணினிப் பிரிவிடம் அனுமதி வாங்கி ஒரு மென்பொருளை நிறுவவே இரண்டு நாள் ஆகும் இடங்கள் உண்டு. அழைப்பு வந்த அன்றே மின்னஞ்சல் போனால் எங்கள் தரப்பில் அதைச் செய்ய ஒருவரைப் பொறுப்பாக்க முடியும். வாய்மொழியாகச் சொன்னால் அது யாருக்கும் வேலை ஆவதில்லை.

தன்விவரக் குறிப்பில் பார்வையின்மையைக் குறிப்பிட வேண்டாம் என்பது என் கருத்து. முதல் வடிகட்டலில் பெயர் விழுந்துவிடும் அபாயம் இருக்கிறது. அழைப்பு வந்த பிறகு சொல்லுங்கள்.

பொன்மலை

சிறுசேரி சார், என் மாணவர்களுக்கு நான் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறேன். மறைத்துப் போய், எதிரில் இருப்பவர் முகம் மாறுவதைக் குரலிலேயே உணர்ந்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவது கொடுமை. விடியற்காலை பஸ் பிடித்துத் திருச்சியிலிருந்து சென்னை வந்து, பத்து நிமிடத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இருக்கிறார்கள். குறிப்பிலேயே ஒரு வரி இருக்கட்டும்: "திரை வாசிப்பான் கொண்டு கணினியில் சுயமாக வேலை செய்வேன்." குறையைச் சொல்கிற வரி இல்லை இது, திறனைச் சொல்கிற வரி. அதைப் படித்துவிட்டு அழைக்காத நிறுவனம், அழைத்திருந்தாலும் எடுத்திருக்காது.

சிறுசேரி

உங்கள் மாணவர்கள் பட்டதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நான் பார்ப்பது மேசையின் இந்தப் பக்கம். நூற்றுக்கணக்கான குறிப்புகளை ஓர் இளைஞர் அரை நாளில் புரட்டுகிறார். அவருக்குத் திரை வாசிப்பான் என்றால் என்னவென்றே தெரியாது. அந்த ஒருவரைத் தாண்டி மேலாளரிடம் குறிப்பு போய்விட்டால் கதை வேறு. மாற்றுத்திறனாளிகளுக்கென்று நடத்தும் வேலைவாய்ப்பு முகாமிலோ அப்படி வெளிப்படையாக அழைக்கும் விளம்பரத்திலோ என்றால் நீங்கள் சொல்வதுபோல முதல் வரியிலேயே எழுதலாம். பொது விளம்பரத்துக்கு என் கருத்தில் மாற்றம் இல்லை.

வைகைத்துறை

இதை அந்தப் பெண்தான் முடிவு செய்ய வேண்டும், நாம் யாரும் இல்லை. அண்ணனும் இல்லை. ஆனால் எழுதிக் கேட்பது என்பதில் இருவருமே ஒத்துப்போகிறீர்கள், அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளலாம். நான் பலருக்கும் அனுப்பும் கடிதத்தின் சாரம் இதுதான்:

"தங்கள் அழைப்புக்கு நன்றி. எனக்கு முழுப் பார்வையின்மை உள்ளது. என்விடிஏ என்ற இலவசத் திரை வாசிப்பானைக் கொண்டு கணினியில் வேலை செய்கிறேன். எழுத்துத் தேர்வு இருந்தால் என்விடிஏ நிறுவிய கணினி, தலையணி, ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் ஆகியவை தேவை. வினாத்தாள் படமாக இல்லாமல் வாசிக்கக்கூடிய எழுத்தாக இருக்க வேண்டும். தேர்வுக்கு முன் அரை மணி நேரம் கணினியைச் சோதிக்க அனுமதி வேண்டும். இதை யாரிடம் பேச வேண்டும் என்று தெரிவிக்கவும்."

கடைசி வரியை விடாதீர்கள். ஒரு பெயர் கிடைத்துவிட்டால் பாதிக் காரியம் முடிந்தது.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. 2016 சட்டத்தின் 20ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிக்குத் தேவையான தகவமைப்பைச் செய்துதரும் கடமையை அரசு நிறுவனங்களுக்கு வைக்கிறது. 21ஆம் பிரிவு தனியாருக்கும் சேர்த்து, சமவாய்ப்புக் கொள்கையை வெளியிடச் சொல்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனமானால் அந்தக் கொள்கையில் உதவிக் கருவிகள் பற்றியும், இதைக் கவனிக்கும் தொடர்பு அலுவலர் பற்றியும் இருக்க வேண்டும் என்பது விதி. விண்ணப்பிக்கும் முன் நிறுவனத்தின் தளத்தில் அதைத் தேடிப் பாருங்கள். இருந்தால், கடிதத்தில் அதையே சுட்டலாம்.

ஆதம்பாக்கம் அம்மா

என் மகனுக்குப் பெருமூளை வாதம். பேச்சு தெளிவாக வராது, வலது கை ஒத்துழைக்காது. பி.காம். படித்திருக்கிறான், கணக்கில் கெட்டிக்காரன். சிறுவயதில் சென்னையிலேயே உருவான ஆவாஸ் செயலியில்தான் தன் முதல் முழு வாக்கியத்தைச் சொன்னான். படத்தைத் தொட்டால் அது பேசும். இப்போது எழுத்தாகத் தட்டிப் பேசவைக்கிறான்.

அவனுடைய தடை வேகம். இடது கையின் ஒரு விரலால்தான் அடிப்பான். விண்டோஸில் ஸ்டிக்கி கீஸ் என்று ஒரு வசதி உண்டு, ஷிஃப்டை ஐந்து முறை அழுத்தினால் வரும். இரண்டு விசையைச் சேர்த்து அழுத்த வேண்டியதை ஒவ்வொன்றாக அழுத்தலாம். அது தெரியும் வரை பெரிய எழுத்து ஒன்று போடக்கூட என்னைக் கூப்பிடுவான். ஆனால் இணையத் தேர்வுகளில் நிமிடக் கணக்கு ஓடுகிறது. கேட்டாலும் கூடுதல் நேரம் தர அந்த மென்பொருளில் வழியே இல்லை என்கிறார்கள். ஒரு நிறுவனத்தின் நேர்காணலில், அவன் தட்டி முடிப்பதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். பதில் அவன் திரையில் பாதியில் நின்றது. மற்ற பெற்றோர் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

சிறுசேரி

அம்மா, வருத்தமாக இருக்கிறது. கேள்விகளை முன்பே எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். கணக்கு வேலை என்றால் ஒரு மாதிரிப் பணியைக் கொடுத்து, வீட்டிலிருந்து செய்து அனுப்பச் சொல்லலாம். வேலைக்குத் தேவையான திறன் அதில்தான் தெரியும், பேச்சு வேகத்தில் இல்லை. எங்கள் நிறுவனத்தில் கணக்குப் பிரிவுக்கு இப்படி எடுத்திருக்கிறோம்.

நெய்தல்நிலத்தான்

குறைபார்வை உள்ள நிரலாளன் நான். யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன்: வீட்டிலிருந்து எழுதும் கண்காணிப்புத் தேர்வுகள். கேமரா நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். நான் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துத்தான் படிப்பேன். முகம் கேமராவின் சட்டகத்துக்குள் இல்லை என்று எச்சரித்துக்கொண்டே இருந்தது, கடைசியில் தேர்வை மூடிவிட்டது. முழுப் பார்வையின்மை உள்ள நண்பருக்கு வேறு மாதிரி. அவர் கண் திரையில் நிலைக்கவில்லை, ஏதோ பார்த்து எழுதுகிறார் என்று குறித்துவிட்டது. சில பாதுகாப்பு உலாவிகள் பின்னணியில் ஓடும் எல்லா மென்பொருளையும் நிறுத்திவிடும், திரை வாசிப்பானும் அதில் அடக்கம். பேச்சு நின்றால் தேர்வும் நின்றது.

அதனால் தேர்வு வீட்டிலிருந்து என்றால் கடிதத்தில் இரண்டு வரி கூடுதலாகச் சேருங்கள். எந்தக் கண்காணிப்பு மென்பொருள், அதில் திரை வாசிப்பான் ஓடுமா என்று கேளுங்கள். தானியங்கிக் குறிப்பை மனிதர் ஒருவர் பார்த்துத்தான் முடிவு செய்வார் என்று எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம், 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிகள் எளிதில் பயன்படுத்தும்படி அமைக்கும் அணுகல்தன்மையை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த, 2016 சட்டத்தின் கீழ் வந்த 15ஆம் விதி சட்டத்துக்குப் புறம்பானது, கட்டாய விதிகளை வகுக்க வேண்டும் என்றது. 2025 ஏப்ரலில் இன்னொரு வழக்கில், கண் சிமிட்டச் சொல்லும் கேஒய்சி என்ற வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு முறைபற்றிப் பேசும்போது, எண்ணிம அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்றது. சம்பளக் கணக்கு தொடங்கப்போய்க் கேமரா முன் சிமிட்ட முடியாமல் நிற்பவர்களுக்கு அது நேரடியாக உதவும்.

கொள்ளிடக்கரை

தங்கையே இப்போது இந்த இழையை என்விடிஏவில் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் கேட்கச் சொன்ன கேள்வி: டிஎன்பிஎஸ்சிக்காக இறக்கிய தமிழ்ப் பாடக் கோப்புகளில் சிலவற்றைத் திறந்தால் "ஜே கே பி ஓ" என்று ஆங்கில எழுத்தாக வாசிக்கிறது. சிலவற்றில் ஒன்றுமே வாசிப்பதில்லை. தமிழ்க் குரலும் இயந்திரம் போல இருக்கிறது.

பொன்மலை

குரல் முதலில். என்விடிஏவுடன் வரும் ஈஸ்பீக் தமிழ் அப்படித்தான் இருக்கும், ஆனால் வேகமாக ஓட்டினாலும் தெளிவாக நிற்கும். மென்மையான குரல் வேண்டுமென்றால் விண்டோஸ் அமைப்பில் தமிழ் மொழியின் பேச்சைச் சேர்த்துவிட்டு, என்விடிஏவில் ஒன்கோர் என்ற விண்டோஸ் குரல்களுக்கு மாறி, வள்ளுவர் என்ற குரலைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

"ஜே கே பி ஓ அரைப்புள்ளி" என்று கேட்டால் அது பாமினி எழுத்துருவில் அடித்த "தமிழ்". திரையில் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். வாசிப்பான் உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். இணையத்தில் பாமினியை யூனிகோடாக்கும், அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடாக்கும் மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, நகலெடுத்து ஒட்டினால் போதும். வானவில் எழுத்துருவுக்கும் தனி மாற்றி உண்டு. எது எந்த எழுத்துரு என்று தெரியாவிட்டால் வேர்டில் திறந்து இன்செர்ட்டுடன் எஃப் அழுத்தச் சொல்லுங்கள், எழுத்துருவின் பெயரையும் சொல்லும்.

ஒன்றுமே வாசிக்காதவை ஸ்கேன் செய்த படங்கள். கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறக்கச் சொன்னால் தமிழை எழுத்தாக எடுத்துக் கொடுக்கும். பத்திகள் சில இடத்தில் கலையும், அட்டவணை சிதறும். தேதியையும் எண்ணையும் மட்டும் யாராவது ஒருவர் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

வைகைத்துறை

அரசுத் துறை வெளியிட்ட கோப்பு இப்படி இருந்தால் மாற்றிக்கொண்டு மட்டும் போகாதீர்கள், அந்தத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010இல், கோவைச் செம்மொழி மாநாட்டுச் சமயத்தில். ஆணை நம் பக்கம் இருக்கிறது. கோப்பின் பெயர், பக்க எண், வாசிப்பான் என்ன வாசித்தது என்ற மூன்றையும் எழுதுங்கள். அறிவிப்பின் கடைசித் தேதி நெருங்கிவிட்டால் தொலைபேசியிலும் கேளுங்கள். தங்கையின் பெயரில், தங்கையே எழுதட்டும். தமிழில் அடிக்க விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது, உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம், அடிக்க அடிக்க என்விடிஏ சொல்லிக்கொண்டே வரும்.